முடிச்சில்லாச் சிக்கு

குற்றாலத்தில் முன்பெல்லாம் சீசன் களைகட்டிவிட்டால் பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் வாசம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துவிட ஆட்கள் காத்திருப்பார்கள். தேய்த்துக்கொண்டு போய் அருவியில் நிற்பவர்கள் ஒரு ரகம். அதெல்லாம் எதற்கென்று நேரே போய் நிற்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் நீளமான கூந்தல்காரர் யாராவது இருந்தால், அன்று மாலை அவருக்குச் சீப்பும் கையுமாக நல்ல வேலை இருக்கிறது. தலையில் இடித்த தண்ணீர் ஒரு முடிச்சும் போடவில்லை. ஆனாலும் அவிழ்க்க முடியாத கட்டு ஒன்று விழுந்திருக்கிறது. முடி ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுக் கூரை வேய்ந்ததுபோல் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் விளிம்பு முடியின் நுனியைப் பார்த்திருக்கிறது. அடியிலிருந்து நுனிக்கு விரலை இழுத்தால் வழுக்கும், நுனியிலிருந்து அடிக்கு இழுத்தால் தடுக்கும். தண்ணீரில் ஊறிய முடியில் உராய்வு இன்னும் கூடும்; எண்ணெய் அந்த உராய்வைக் குறைக்கும். தமிழில் இதற்குச் சிக்கு என்று பெயர், முற்றிப்போனால் சடை. யாரும் போடாத, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று காட்ட முடியாத இந்தச் சிக்கை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைக் கொண்டே உள்ளங்கையில் உட்காரும் குரங்கையும் அணிலையும் செய்வதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

ஊசி ஃபெல்ட்டிங் என்று கைவினைக்காரர்கள் சொல்லும் இந்த வேலைக்குப் பன்னிய கம்பளியும், ஓர் ஊசியும், அந்த ஊசி மேசையில் இடித்து உடையாமலிருக்கக் கீழே தடித்த ஸ்பாஞ்சுத் துண்டும் இருந்தால் போதும். நூல் கிடையாது, பசை கிடையாது. ஊசிக்குக் காதும் கிடையாது. அதன் தண்டை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். முக்கோணத்தின் மூன்று விளிம்புகளிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத காடிகள் வெட்டியிருக்கும். தூண்டில் முள்ளைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், ஒரு திருத்தத்தோடு. தூண்டில் முள் நுழையும்போது விட்டுக்கொடுத்து, வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளும். இந்த ஊசி நேர்மாறு: நுழையும்போது வழியில் அகப்படும் இழைகளைக் கவ்விக்கொண்டு போய், வெளியே வரும்போது அவற்றை உள்ளேயே விட்டுவிட்டு வரும். கைவேலைக்காகப் பிறந்த கருவியும் அல்ல இது. ஆயிரக்கணக்கான ஊசிகளைப் பலகையில் பதித்து மேலும் கீழும் அடித்து, ஃபெல்ட் என்னும் நெய்யாமல் இறுக்கிய விரிப்பைத் தயாரிக்கும் எந்திரங்களின் உதிரிபாகம். 1980-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட், எலினோர் ஸ்டான்வுட் தம்பதியர் அந்த ஊசிகளில் ஒன்றைக் கையில் எடுத்துக் குத்திப் பார்த்ததிலிருந்து இது கைவினையாயிற்று. ஃபெல்ட்டுக்கு வயது ஆயிரக்கணக்கில். கையில் பிடித்த இந்த ஊசிக்கு அரை நூற்றாண்டுகூட இல்லை.

இதைப் பொம்மை செய்யும் பொழுதுபோக்கு என்று அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது வழக்கம். சிற்பக் கலையின் வகைப்பாட்டிலேயே இதற்குத் தனி இடம் தர வேண்டியிருக்கும் என்பது என் வாதம். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பினான். அதன் மண்டபத் தூண்களில் வீரபத்திரரும் ரதியும் மன்மதனும் ஒற்றைக் கல்லில் நிற்கிறார்கள். அங்கே சிற்பி செய்த வேலை கழித்தல். ரதியின் இடுப்புக்கும் கைக்கும் நடுவே இருந்த கல் சில்லுச் சில்லாக வெளியே போயிற்று, போனது போனதுதான். குயவர் செய்யும் மண் குதிரையில் நடப்பது கூட்டல்: உடம்போடு கால், காலோடு குளம்பு, பிறகு ஈரக்கையால் பூசிய பூச்சு. கம்பளிக் குரங்கில் நடப்பது இந்த இரண்டும் அல்ல. கையளவு கம்பளியை 9 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தளர்ந்த பந்தாக உருட்டிக்கொண்டு, எல்லாப் பக்கமும் குத்திக் குத்தி 6 சென்டிமீட்டர் பந்தாக்குவதாக வைத்துக்கொள்வோம். கன அளவு ஏறத்தாழ 30 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எடை அப்படியே இருக்கிறது. ஒன்றும் வெளியே போகவில்லை, உள்ளே வரவுமில்லை. வடிவத்தை உண்டாக்கியது அடர்த்தியில் வந்த மாற்றம் ஒன்றுதான். எந்த இடத்தில் எத்தனை குத்து விழுந்தது என்பதன் வரைபடமே அந்த விலங்கின் உருவம்.

மண்ணையும்தான் பிசைந்து அழுத்துகிறோம், அதில் அடர்த்தி மாறவில்லையா என்று கேட்கலாம். பெரும்பாலும் மாறுவதில்லை. ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தினால் விரலுக்கடியில் இருந்த மண் பக்கவாட்டில் பிதுங்கி வரம்பு கட்டுகிறது. குழிந்த அளவு வேறெங்கோ மேடாகிறது. கம்பளியில் குழி விழும், பக்கத்தில் மேடு எழாது. அதற்குக் காரணம், கம்பளி என்று நாம் கையில் வைத்திருப்பதில் பெரும்பங்கு காற்று என்பதே. கம்பளி இழையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அளவில் இருக்கும். நம் 6 சென்டிமீட்டர் பந்து 15 கிராம் எடை என்றால், அதில் இழைகள் அடைத்துக்கொள்ளும் இடம் பத்தில் ஒரு பங்கு. கல்போல் இறுகியதாகக் கைக்குத் தோன்றும் பந்தில் மீதி ஒன்பது பங்கும் காற்று. ஊசி வெளியேற்றுவது காற்றை மட்டும்தான்; சிற்பியின் உளி உதிர்க்கும் சில்லைப்போல் கழிவு என்று இந்தக் கலையில் ஏதாவது இருந்தால் அது காற்றே, பெருக்கித் தள்ள வேண்டியதில்லை.

பத்தில் ஒன்பது பங்கு காற்றாக இருக்கும் ஒன்று விரலுக்கு எப்படிக் கட்டியாகத் தோன்றுகிறது? தென்னாப்பிரிக்காவின் கம்பளி ஆய்வாளர் சி. எம். வான் விக் 1946-இல் எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்பளிப் பொதியை அழுத்தும்போது நாம் தனித்தனி இழைகளை நசுக்கவில்லை. இரண்டு தொடுபுள்ளிகளுக்கு நடுவே உத்தரம்போல் கிடக்கும் இழைத்துண்டுகளை வளைக்கிறோம் என்றார் அவர். அடர்த்தி கூடக்கூட இழைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் அடர்த்தியின் வர்க்கத்தில் பெருகும். உத்தரத்தின் நீளம் குறையும். குட்டை உத்தரத்தை வளைப்பது கடினம். ஆகவே எதிர்ப்பு அடர்த்தியின் மும்மடியில் ஏறும். அடர்த்தி 3 மடங்கானால் ஒரு கன சென்டிமீட்டரில் தொடுபுள்ளிகள் 9 மடங்கு, அழுத்தத்துக்கு எதிர்ப்பு 27 மடங்கு. வான் விக்கின் கணக்கு தாறுமாறாகக் கிடக்கும் தளர்ந்த இழைகளுக்கானது, ஊசி குத்திப் பின்னிய உருவத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் போக்கு அதுதான். இந்தக் கைவேலை செய்பவர்கள் எல்லோரும் கவனிக்கும் ஒன்றை அது விளக்குகிறது: வெகுநேரம் குத்தியும் கம்பளி பொதபொதவென்றே இருக்கும், பிறகு சிறிது நேரத்திலேயே சட்டென்று இறுகிவிடும். பொறுமையிழந்து பாதியில் விடுபவர்கள் அந்த மும்மடி வளைவு மேலெழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விட்டுவிடுகிறார்கள்.

இறுகியது திரும்ப ஏன் உப்பிக்கொள்வதில்லை என்பது அடுத்த கேள்வி. தலையணையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் எழுந்துகொள்கிறதே. கைவினை நூல்கள் பெரும்பாலும் ஒரே விடையைச் சொல்கின்றன: கம்பளியின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. கேட்க அழகாக இருக்கிறது. நானும் அருவிக் கூந்தலைச் சொல்லித்தான் தொடங்கினேன். ஆனால் ஊசி வேலையைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட இல்லை. கார்களின் தரையில் ஒட்டியிருக்கும் விரிப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் அது பாலியெஸ்டர் இழையை ஊசியால் குத்தி இறுக்கிய ஃபெல்ட். பாலியெஸ்டர் இழை உருகிய பிளாஸ்டிக்கைத் துளை வழியே இழுத்த கம்பி; அதில் செதில் ஏது? தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை சாலையோரத் தோப்புகளில் விளையும் தேங்காயின் நாரையும் இதே முறையில் குத்தி மெத்தைக்கான ஃபெல்ட் ஆக்குகிறார்கள். தேங்காய் நாரிலும் ஆட்டு முடியின் செதில் கிடையாது. செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி ஆக்கிய கம்பளிகூட, சற்று முரண்டு பிடித்தாலும், ஊசிக்குப் பணிந்துவிடுகிறது.

செதில் உண்மையாகவே கதாநாயகனாக இருப்பது ஈர முறையில். ஸ்ரீநகரில் நம்தா விரிப்பு செய்பவர்கள் கம்பளியைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, சுருட்டி உருட்டுகிறார்கள். உருட்டும் ஒவ்வோர் அசைவிலும் இழை தன் அடிப்பக்கமாக மட்டுமே நகர முடியும். திரும்பி வரச் செதில் விடாது. ஒருவழிச் சாலையில் மாட்டிக்கொண்ட வண்டிகள்போல இழைகள் முன்னேறி முன்னேறிப் பின்னிக்கொள்கின்றன. ஊசி முறையில் அந்த வேலையைச் செதிலிடமிருந்து ஊசியின் காடி பறித்துக்கொண்டது. இழையைப் பிடித்து மேலிருந்து கீழே கொண்டுபோய் வைக்கிறது. வைத்த இடத்தில் அது நின்றால் போதும். நிற்கவைப்பது வளைவு. கட்டுத்தறியில் கயிற்றை முடிச்சுப் போடாமல் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக்கொண்டு காளையை நிறுத்துவதைக் கிராமத்தில் பார்க்கலாம். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், அந்த இரண்டு சுற்று பிடிப்பவரின் பலத்தை ஏறத்தாழ 43 மடங்காக்குகிறது. சுற்றச் சுற்ற இது கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. குரங்கின் உடம்புக்குள் ஒவ்வோர் இழையும் நூற்றுக்கணக்கான அண்டை இழைகள்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து போகிறது. அந்தச் சிறு வளைவுகளை எல்லாம் கூட்டினால் பல சுற்று வரும். ஒரு முடிச்சும் இல்லாமல் நிற்பதன் ரகசியம் கட்டுத்தறி ரகசியம்தான்.

நேர்மாறான சாட்சி நம் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையில் சாண் சாணாக நூலால் குத்தித் தைத்த குழிகளை எல்லோரும் பார்த்திருப்போம். தைக்காவிட்டால் பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஏனென்றால் இலவம்பஞ்சு இழை மெல்லிய சுவருள்ள நேர்க்குழல். உள்ளே காற்று, மேலே மெழுகு, நீளம் ஒன்றிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர். சுருள் இல்லை, பற்று இல்லை. வளைத்தால் மடியும், சுற்றிக்கொள்ளாது. தண்ணீரில் மிதக்கும் உயிர்காப்பு உடைகளுக்கு ஒருகாலத்தில் அதை அடைத்ததும் அந்தக் காற்றுக்காகவும் மெழுகுக்காகவுமே. காடி ஊசியால் நாள் முழுக்கக் குத்தினாலும் இலவம்பஞ்சு தானாக ஓர் உருவத்தைப் பிடித்துக்கொள்ளாது. கிளி காத்த இலவு, ஃபெல்ட்டிங்காரரையும் ஏமாற்றும்.

இனி, தென்காசிக்காரர் எவரும் கேட்கக்கூடிய ஆட்சேபம்: இதெல்லாம் குளிர்தேசத்துச் சமாசாரம், நம் ஆட்டில் கம்பளி ஏது? ஆட்சேபம் நியாயமானது. திருநெல்வேலிச் சீமைக்கே உரிய செவ்வாடு, கரிசல் பக்கத்துக் கீழக்கரிசல், உடம்பெல்லாம் பொட்டு வைத்த வேம்பூர் ஆடு எல்லாமே செம்மறிதான். ஆனால் மேலே இருப்பது கம்பளி அல்ல, ரோமம். காட்டுச் செம்மறிகளுக்கு வெளியே முரட்டு ரோமமும் அடியில் குளிருக்கான மென்மயிரும் உண்டு. மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் குளிர்நாட்டு இனங்களில் அடிமயிர் பெருகி மேல்ரோமத்தை விழுங்கிவிட்டது. வெயில் சுடும் நம் இனங்களில் ரோமமே போதுமென்று நின்றுவிட்டது. செவ்வாட்டு ரோமம் நேரானது, தடித்தது, நடுவே பொந்துள்ளது. வளைவதற்கான விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் தடிமன் என்பது சின்ன விஷயமல்ல. மனிதத் தலைமுடி 70 மைக்ரான், மென்கம்பளி 20 மைக்ரான் என்று கொண்டால், இரண்டுமே கெரட்டின் என்றாலும், தலைமுடியை வளைப்பது 150 மடங்கு கடினம். தலைமுடி எளிதில் ஃபெல்ட் ஆகாமல் சிக்கோடு நின்றுகொள்வதற்கும், செவ்வாட்டு ரோமம் ஊசியிலிருந்து நழுவுவதற்கும் பெருங்காரணம் இந்த நான்காம் அடுக்கு. கட்டுத்தறியைச் சுற்ற மறுக்கும் கயிறு எதையும் நிறுத்தாது.

ஆனால் தமிழ்நாட்டிலேயே கம்பளி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானது நீலகிரி ஆடு; ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்து வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ வளர்க்கிறது. இன்னொரு கோடியில் திருச்சி கருப்பு ஆட்டின் முரட்டுக் கம்பளி இருக்கிறது. கம்பளி என்றால் மெல்லியதே உசத்தி என்ற எண்ணம் ஜவுளிக்கடையில் சரி, இங்கே தவறு. மெரினோவைச் சீவி, இழைகளையெல்லாம் ஒரே திசையில் படியவைத்துப் பளபளவென்று விற்கிறார்கள். விலங்கு செய்ய நினைப்பவர் அதில் மயங்கி வாங்கிவிட்டுக் கஷ்டப்படுவார். ஒரே திசையில் படுத்திருக்கும் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே கடப்பது குறைவு; கடக்காவிட்டால் தொடுபுள்ளி இல்லை. முள் அட்டையில் பன்னி நாலா திசையிலும் கலைத்துவிட்ட நடுத்தரக் கம்பளி விரைவாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சீவிய தலையில் சிக்கு விழாது என்பது எந்த அம்மாவுக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே உள்ளுடம்புக்கு மலிவான முரட்டுக் கம்பளி, மேல்தோலுக்கு மட்டும் மென்மையானது. இங்கே செவ்வாட்டுக்கும் ஒரு வேலை வருகிறது: தானாகப் பிடிக்காத அந்த ரோமத்தைப் பன்னிய கம்பளியோடு கலந்தால் கம்பளி அதைப் பிடித்துவைக்கும், விலங்கின் மேல் விறைத்து நிற்கும் முரட்டு மயிருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

எந்த விலங்கைச் செய்வது என்று குற்றாலத்தில் யாரும் யோசிக்கத் தேவையில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் காலத்திலும் குரங்குகளைத் தவிர்த்து இந்த மலையைப் பாட முடியவில்லை. இன்றும் கையிலிருக்கும் பழப்பையைத் தவிர்த்து அவை மனிதரைப் பார்ப்பதில்லை. நம் நாட்டுக் குரங்கின் உச்சந்தலையில் மயிர் ஒரு சுழியிலிருந்து நாலாபுறமும் விரிந்து தொப்பிபோல் படிந்திருக்கும். அறிவியல் பெயரான மகாகா ரேடியேட்டாவின் பின்பாதிக்கே கதிர்போல் விரிந்தது என்று பொருள். முதலில் 36-ஆம் எண் ஊசி. எண் ஏற ஏற ஊசி மெலியும். 36 தடித்தது, ஆழமாகப் போகும், மேலே இருக்கும் இழையை உடம்பின் நடுவரை கொண்டுசேர்க்கும். தலைக்குச் சுருட்டிய கம்பளி சற்றே இறுகி, அமுக்கினால் ரப்பர் பந்துபோல் திருப்பித் தள்ளத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் இறுக்கினால் முகத்தின் நுணுக்கத்துக்கு உள்ளே இடம் மிஞ்சாது. அடுத்து 38-ஆம் எண்ணோடு கண்குழி. குரங்கின் கண் புருவ மேட்டுக்கடியில் பதுங்கியிருப்பது. ஒரே இடத்தில் முப்பது நாற்பது குத்து விழுந்தால் குழி தானாக இறங்குகிறது. அங்கிருந்த கம்பளி அங்கேயே, இன்னும் நெருக்கமாக, இருக்கிறது. குத்தாமல் விட்ட மேல்விளிம்பு புருவமாகிவிட்டது. புருவத்தைச் செய்தது செய்யாமல் விட்டது. கழிவோ ஒட்டோ இல்லாத சிற்பம் என்று முன்னால் சொன்னதை இந்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

காதைத் தனியே செய்து சேர்க்கிறார்களே, அது கூட்டல்தானே என்று இங்கே ஒருவர் மடக்கலாம். கம்பளி கூடுகிறது, உண்மை. ஆனால் அது சேரும் விதத்தைப் பாருங்கள். காது மடலைத் தட்டையாகக் குத்தி இறுக்கும்போது அதன் அடியில் ஒரு விரற்கடை இழையைக் குத்தாமல் பஞ்சாக விட்டுவைப்பார்கள். அந்தத் தளர்ந்த இழைகளைத் தலைக்குள் குத்தி இறக்கினால்தான் காது நிற்கும். அடிவரை இறுக்கிவிட்ட காதை எப்படிக் குத்தினாலும் ஒருநாள் கழன்று வரும். அதில் வேறிடம் போய்ச் சுற்றிக்கொள்ளச் சுதந்திரமான இழை மிச்சமில்லை. மண்ணில் ஈரம் பசையாகிறது. இங்கே பசை என்பது இன்னும் இறுகாத கம்பளி. ஒட்டுவதும் கடைசியில் அடர்த்தியின் வேறுபாட்டால்தான் நடக்கிறது. தொப்பிக்கு 40-ஆம் எண் ஊசி: மூன்று சென்டிமீட்டர் இழைக்கற்றைகளை உச்சியின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு திசையில் கிடத்தி, அவை வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில் மட்டும் குத்த வேண்டும். நுனிகள் சுற்றிலும் விரிந்து படியும். பிறகு கத்தரியால் ஓரம் ஒழுங்கு செய்தால் போதும். ரேடியேட்டா என்ற சொல்லின் பொருள் கைக்கு அப்போது விளங்கும்.

ஊசியைக் குத்திய கோணத்திலேயே வெளியே எடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். கடினமாக்கிய எஃகு; நேராகத் தாங்கும், பக்கவாட்டில் நெம்பினால் முறியும், முறிந்த நுனி உள்ளே புதைந்துவிட்டால் குழந்தை கையில் அந்தப் பொம்மையைக் கொடுக்க முடியாது. இன்னொரு துப்பு காதுக்கானது. தளர்ந்த கம்பளியில் ஊசி சத்தமின்றிப் போகும். இறுகத் தொடங்கியதும் மணலை மெல்வதுபோல் சரக் சரக்கென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத உள்ளடர்த்தியைச் சொல்லும் ஒரே கருவி அந்தச் சத்தமும், ஊசி வழியே விரலுக்கு வரும் எதிர்ப்பும்தான்.

மலையணிலின் வால் எதிர்ப்பாடம். குற்றால மலைக்காட்டின் உச்சாணிக் கிளைகளில் தாவும் அந்த அணிலுக்கு உடம்பைவிட வால் நீளம். வாலின் அழகே அது இறுகாமல் இருப்பதில். நடுவே கம்பி, கம்பியைச் சுற்றி ஒல்லியாக ஒரு கம்பளித் தண்டு, அதில் நீண்ட இழைகளின் நடுப்பகுதியை மட்டும் குத்திப் பதித்து இரு நுனிகளையும் காற்றில் விட்டுவிட வேண்டும். மேலும் புசுபுசுப்பு வேண்டுமானால் காடிகள் எதிர்த்திசையில் வெட்டிய ஊசி ஒன்று இருக்கிறது. அது தூண்டில் முள்ளைப்போலவே உள்ளிருக்கும் இழையை வெளியே இழுத்துவரும். கல்போன்ற மூக்கும் காற்றுபோன்ற வாலும் ஒரே பொருளில், ஒரே கருவியால், இடையில் தையலோ ஒட்டோ தெரியாமல். பாலூட்டி விலங்குகளை இந்தக் கலை தேடிப் போவதற்கு, அவை அழகாக இருக்கின்றன என்பதைவிட நல்ல காரணம் இது: எலும்பு மேலே தெரியும் நெற்றி, தசை திரண்ட தொடை, மயிர் மட்டுமேயான வால் என்று அந்த உடம்பே பல அடர்த்திகளால் ஆனது. தவளையைச் செய்தால் கம்பளி வீண்.

ஆயிரக்கணக்கில் ஒரே குத்தைக் குத்துவதில் என்ன இன்பம் என்ற கேள்விக்கு மனஅமைதி, தியானம் என்று கடைக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. உளி ஒருமுறை தவறினால் வீரபத்திரர் விரலை இழப்பார். அந்த அச்சம் கல்லுக்கு ஒரு கம்பீரத்தைத் தருகிறது, தொடக்கக்காரரைத் துரத்தியும் விடுகிறது. ஊசியின் ஒரு குத்து இழுத்துச் செல்வது விரல்விட்டு எண்ணக்கூடிய இழைகளை. தவறும் அந்த அளவே. மூக்கு கோணினால் எதிர்ப்பக்கம் குத்தலாம், குழி ஆழமானால் ஒரு சிட்டிகை கம்பளி வைத்து மூடலாம். ஆனால் அளவுக்குமேல் இறுகியதைத் தளர்த்த வழியே இல்லை என்பதால் கவனம் வேண்டாத வேலையும் அல்ல. ஒவ்வொரு குத்தும் சிறு கேள்வி, விரலுக்கு வரும் எதிர்ப்பு அதன் விடை. கேள்வியும் விடையும் நொடிக்கு இரண்டு முறை மாறி மாறி வருகிற வேலைகள் அதிகமில்லை. இந்த இன்பம் புதிதும் அல்ல. அல்தாய் மலையில் பாசிரிக் என்னுமிடத்தில் உறைபனிக்குள் இருந்த கல்லறை ஒன்றிலிருந்து ஃபெல்ட்டில் செய்து உள்ளே அடைத்த அன்னப்பறவைகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அவை இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஃபெல்ட்டைத் தைத்துச் செய்தவை, ஊசி குத்திச் செய்தவை அல்ல. விரிப்புக்கும் கூடாரத்துக்கும் ஆன பொருளில் ஒருவர் பறவையைப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அவை சாட்சி.

அல்தாய் பனி காத்ததைச் சாரல் காக்குமா என்பது கடைசி ஆட்சேபம். காக்கவிடாத ஒன்று இருக்கிறது: கெரட்டினைத் தின்று செரிக்கும் அந்துப்பூச்சிப் புழு. அதைத் தடுக்க, மூடி இறுக்கமான டப்பாவும் அவ்வப்போது வெயிலும் வேண்டும். உள்ளே வைக்கும் கம்பி இரும்பாக இருந்தால் துரு மேலே கசியும். அலுமினியமோ செம்போ நல்லது. ஈரத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீராவியை உறிஞ்சிக்கொண்டு, தொட்டால் ஈரமென்று தோன்றாமலிருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் நாளில் 15 கிராம் நிறுத்த குரங்கு, 90 சதவீதமாக இருக்கும் சாரல் நாளில் ஒன்றரை கிராமுக்கு மேல் கூடுதலாக நிற்கும். உருவம் அப்படியே இருக்கும். தண்ணீரில் முக்கினாலும் அது அவிழாது. சிக்கு தண்ணீரில் அவிழ்ந்ததாக எந்தக் கூந்தலும் சொன்னதில்லை. யாராவது அந்தக் குரங்கை ஐந்தருவிக்குக் கொண்டுபோய் அடிக்கும் தண்ணீரில் நனையவிட்டுக் கையால் கசக்கிக்கொண்டும் நின்றால், ஊசி பறித்துக்கொண்ட வேலையைச் செதில்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும்: இழைகள் மறுபடி நகரத் தொடங்கும், குரங்கு கொஞ்சம் சிறுத்து, கொஞ்சம் கோணி, கொஞ்சம் கெட்டிப்பட்டு வீடு திரும்பும்.